கடலிலிருந்து பார்த்த வீடு

சித்திரத்தில் டார்கஸின் வீடு இல்லை.

ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை குனிந்து பார்த்தாள். பண்டகசாலை இருந்தது. கொடிக்கம்பம் இருந்தது. சிப்பாய்களின் குடில்கள் வரிசையாக இருந்தன. சார்ஜென்ட்டின் பன்றிப்பட்டிகூட இருந்தது. அதன் வேலிக்கட்டைகளை எண்ணிவிடலாம். விரிகுடாவின் மேற்குக் கோடியில், அவள் இப்போது சலவைத் தொட்டியோடு நின்றுகொண்டிருந்த இடத்தில், ஒரு கவட்டுப் பைன் மரமும் கொஞ்சம் புல்லும் மட்டும் இருந்தன.

"பன்னிக்கு வீடு இருக்கு" என்றாள். "எனக்கு இல்ல."

பென்ரோஸ் சட்டை வாங்க வந்திருந்தார். அவருக்கு இரண்டு சட்டைகள். ஒன்று உடம்பில், மற்றது அவளிடம். கப்பல் மார்ச் மாதம் பவளத்திட்டில் ஏறி உடைந்தபோது பெட்டியில் இருந்த மற்றவை கடலோடு போயின. வண்ணப்பெட்டியையும் காகிதச் சுருளையும் மட்டும் தலையில் கட்டிக்கொண்டு கரையேறியவர் அவர். முப்பது வயதாகியும் பதவி உயராத கடற்படை ஆள். பசிபிக் கடலின் நார்ஃபோக் தீவில் இருந்த கைதிக் குடியேற்றத்தை வரைந்து, அடுத்த கப்பலில் லண்டனுக்கு அனுப்ப வேண்டும் என்பது அவருக்கு இடப்பட்ட உத்தரவு.

"வெள்ளிக்கிழமை இடிக்கப் போறாங்களே, டார்கஸ்" என்றார். "டன்னிங் சொன்னார். தெரு நேரா வரணுமாம். இதை அங்க பிரிச்சுப் பார்க்கும்போது ஒரு வருஷம் ஆயிருக்கும். இல்லாத வீட்டை எதுக்கு வரையறதுன்னு கேட்டார்."

"இன்னைக்குத் திங்கக்கிழமை, ஐயா. இன்னைக்கு இருக்கு."

அவர் காகிதத்தின் ஓரத்தை நீவினார்.

"அன்னைக்கு ஒரு மேகத்தை அழகுக்குப் போட்டுட்டேன்னு முழுக் காகிதத்தையும் கிழிச்சுப் போட்டீங்களாமே. கண்ணால பார்க்காத ஒரு கோடுகூட கடற்படைக்காரன் போட மாட்டான்னு படகுத்துறையில எல்லார்கிட்டயும் சொன்னீங்களாம். டன்னிங் ஐயா எந்தக் கப்பல்ல இருந்தாரு?"

"அவர் நில அளவைக்காரர். கப்பல்ல இல்ல."

"அதான் கேட்டேன்."

அவர் முகம் சிவந்தது. பேச்சை மாற்றுவதற்காகச் சித்திரத்தில் கடலின் மேல் போட்டிருந்த புள்ளிக்கோட்டைக் காட்டினார். திட்டில் ஓர் இடைவெளி உண்டு, படகு அதன் வழியாகத்தான் வர வேண்டும், இரண்டு பக்கமும் பாறை. மலைமேல் இருக்கும் கரும்பாறையையும் அதற்குக் கீழே கரையில் நிற்கும் கவட்டு மரத்தையும் ஒன்றுக்கு நேர் ஒன்றாக வைத்துக்கொண்டு வந்தால் இடைவெளியின் நடுவில் வரலாம். இந்தத் தீவைக் கண்ணால் பார்க்காத ஒருவன்கூட இந்தச் சித்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கரையேறிவிடுவான்.

"டக்கர் என் துணியப் பார்த்துல்ல வர்றான்" என்றாள் டார்கஸ். டக்கர் கரைப் படகின் சுக்கான்காரன். "துணிக்கொடியில வெள்ளை தெரிஞ்சா நேரா வந்துடுவேன்னு சொல்வான்."

"துணியை வரைபடத்துல போட முடியுமா? இன்னைக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது. மரம் நிக்கும்."

சட்டையை வாங்கிக்கொண்டு போனார். போகிற வழியில் ஒருமுறை நின்று அந்த வீட்டைத் திரும்பிப் பார்த்தார். அவள் பார்க்காததுபோல் துணியைப் பிழிந்தாள்.

அது ஒன்றும் பெரிய வீடு அல்ல. ஓர் அறை, பைன் பலகைச் சுவர், பனையோலைக் கூரை. கடலைப் பார்த்த முகப்பு. அவள் கணவன் ஆமோஸ் தன் சனிக்கிழமைகளில் கட்டியது. மற்ற வேலைநாளெல்லாம் அவன் உழைப்பு அரசருக்கு. டார்கஸ் ஓலை வேய்ந்தாள். பிளிமத் சிறையில் பதினான்கு மாதம், பிறகு கப்பலின் அடித்தட்டில் எட்டரை மாதம், பிறகு பெண்களின் பொதுக் கொட்டகை. எல்லாக் கதவுக்கும் தாழ் வெளிப்பக்கம்தான் இருந்தது. இந்தக் கதவின் தாழை ஆமோஸ் உட்பக்கம் வைத்தான். முதல் வாரம் முழுக்க அவள் பகலில்கூடத் தாழிட்டுக்கொண்டு உள்ளே சும்மா உட்கார்ந்திருந்தாள்.

பதிலுக்கு டன்னிங் காட்டிய இடம் பள்ளத்தாக்கின் வாயில், சதுப்பு ஓரம். அங்கே நட்ட சோளம் அழுகியது. நட்டவனுக்கும் காலில் புண் வந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆமோஸ் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தான். அவன் ரம்பக்காரன். ரம்பக் குழியில், குறுக்கே கிடத்திய மரத்தின் மேலே நிற்பவன் அவன், கீழே நிற்பவன் தூளைத் தின்பான்.

"அந்தக் கவட்டு மரத்தச் சாய்ச்சாச்சு" என்றான். "நாலு பேருக்கு ஒரு நாள் பூரா வேல. உள்ள இரும்பு மாதிரி."

"எந்தக் கவட்டு மரம்?"

"நம்ம வாசல்ல நின்னதுதான். பார்க்கலயா நீ?"

அவள் பார்த்திருந்தாள். காலையிலிருந்து ரம்பச் சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. ஆனால் மனம் வீட்டில் இருந்தது. மரம் விழுந்ததை, இனி வீடு விழும் என்பதாக மட்டும் எடுத்துக்கொண்டாள்.

மலைப்பறவையை வேகவைத்திருந்தாள். ஜூலையில் தீவு முழுக்க அதைத்தான் தின்றது. மீன் வாடை அடிக்கும் கொழுத்த பறவை. ஆமோஸ் ஒன்றை முடித்துவிட்டு இன்னொன்றின் காலைப் பிய்த்தான்.

"வெள்ளிக்கிழமை வேலைக்கு ஆள் போட்டாச்சு" என்றான்.

"யாரு?"

"நான்தான்."

அவள் கையை நிறுத்தினாள்.

"நானே கேட்டு வாங்கிட்டேன். வேற எவனாவது வந்தா கடப்பாறையப் போட்டுப் பலகையெல்லாம் பொளந்துடுவான். நான் பிரிச்சா ஒரு ஆணி வளையாது. அப்படியே தூக்கிட்டுப் போய் அங்க கட்டிக்கலாம்."

"சேத்துல."

"சேத்துலதான்."

"அந்தாளுகிட்ட மாட்டேன்னு சொல்ல வாய் வரலயா ஒனக்கு?"

"வாய் வரும். அப்புறம் முதுகு தாங்கணுமே." எலும்பை அடுப்பில் எறிந்தான். "இந்தா பாரு, தெரு நேரா இருக்கணும்னு அவன் தலையில ஏறிடுச்சு. தீவே கோணல். அதுக்கு என்ன பண்றான்னு பார்ப்போம்."

அவள் சிரிக்கக் கூடாது என்றிருந்தாள். சிரித்துவிட்டாள். பிறகு இருவரும் பறவையை மிச்சமில்லாமல் தின்றார்கள்.

புதன்கிழமை மழை. கொடியில் எதுவும் போடவில்லை. வியாழக்கிழமை வானம் வெளுத்தது, கடல் வெளுக்கவில்லை. தெற்கிலிருந்து நீண்ட அலைகள் வந்து திட்டில் உடைந்தன. பென்ரோஸ் காலையில் படகில் உடைந்த கப்பலுக்குப் போனதை டார்கஸ் பார்த்தாள். அவர் வழக்கம் அது. கரையிலிருந்து ஊரை வரைய மாட்டார். ஒரு மாலுமி கடலிலிருந்து ஊரை எப்படிப் பார்ப்பானோ அப்படித்தான் வரைய வேண்டும் என்று, சாய்ந்து கிடந்த கப்பலின் மேல்தட்டில் உட்கார்ந்து வரைவார். கடல் கொந்தளித்ததால் பத்து நாளாக அவர் அங்கே போகவில்லை. மிச்சத்தைக் கூடாரத்தில் வைத்தே முடித்திருந்தார். இன்று கடைசியாக ஒருமுறை சரிபார்க்கத்தான் போனார்.

மதியத்துக்குச் சற்று முன் படகு திரும்பியது.

டார்கஸ் தொட்டியில் டன்னிங்கின் மேசைவிரிப்பை அலசிக்கொண்டிருந்தாள். தீவிலேயே ஒரே மேசைவிரிப்பு. நிமிர்ந்து கடலைப் பார்த்தாள். ஏதோ சரியில்லை. என்னவென்று உடனே பிடிபடவில்லை. இந்த வாசலில் நின்று எத்தனையோ முறை படகு வருவதைப் பார்த்தவள் அவள். படகு வரும்போது எப்போதும் அதன் மூக்கு மட்டும் தெரியும், அவளையே பார்த்து வருவதுபோல. இன்று விலா தெரிந்தது. நான்கு துடுப்பும் தனித்தனியாகத் தெரிந்தன.

படகு கிழக்கே போய்க்கொண்டிருந்தது.

கிழக்கே பார்த்தாள். நாற்பது தப்படி தள்ளி இன்னொரு பைன் நின்றது. அதற்கும் கவடு. தன் வாசலைப் பார்த்தாள். மஞ்சளாக அடிக்கட்டை.

மரம் நிக்கும் என்று சொன்னாரே. அந்த இன்னொரு மரத்தை இது என்று எடுத்துக்கொண்டு வருகிறார்.

கத்திப் பயனில்லை, அலையின் இரைச்சலில் தன் குரல் தனக்கே கேட்கவில்லை. மேசைவிரிப்பைத் தொட்டியிலிருந்து இழுத்தாள். தண்ணீர் சொட்டச் சொட்டத் தோளில் போட்டுக்கொண்டு விறகுக் குவியலில் ஏறி, அங்கிருந்து கூரை விளிம்பைப் பற்றினாள். ஓலை கையைக் கிழித்தது. முகட்டில் கவிழ்ந்து படுத்து விரிப்பை முகப்பின் மேல் விட்டாள். காற்று அதைத் தூக்கப் பார்த்தது. இரண்டு முனைகளையும் முழங்கையால் அழுத்திக்கொண்டாள். அவ்வளவு பெரிய வெள்ளைத் துணி அது. எட்டுப் பேர் சாப்பிட உட்காரலாம்.

படகு இன்னும் கிழக்கே போனது. ஓர் அலை அதைத் தூக்கிப் பக்கவாட்டில் போட்டது. ஒரு துடுப்பு பாறையில் பட்டு இரண்டானது. பிறகு சுக்கான்காரன் எழுந்து நிற்பது தெரிந்தது. படகு திரும்பியது. முதலில் மெல்ல, பிறகு ஒரேயடியாக. விலா மறைந்து மூக்கு தெரிந்தது.

அவள் அப்படியே படுத்திருந்தாள். படகு மணலில் உரசிய பிறகுதான் இறங்கினாள். இறங்கியபோது மேசைவிரிப்பு ஓர் ஆணியில் மாட்டி ஒரு முழம் கிழிந்தது.

ஆறு பேரும் இடுப்புவரை நனைந்து நின்றார்கள். ஒருவன் நெற்றியில் ரத்தம். டக்கர் அவளைப் பார்த்ததும் தொப்பியை எடுத்தான்.

"தாயே, திங்கக்கிழமை மட்டும்தான் தொவைப்பேன்னு இல்லாம வியாழக்கிழமையும் தொவைச்சியே" என்றான். "உன் துணிய இனிமே நானே பிழிஞ்சு தர்றேன்."

"மொதல்ல உன் சட்டையப் பிழி."

பென்ரோஸ் முதுகில் கட்டியிருந்த தார்த்துணிச் சுருளைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அவள் அருகே வந்து அடிக்கட்டையைப் பார்த்தார். பிறகு நாற்பது தப்படி தள்ளி நின்ற மரத்தைப் பார்த்தார்.

"எப்ப?"

"செவ்வாய்க்கிழமை, ஐயா. என் வீட்டுக்காரர்தான் வெட்டினாரு."

"நான் கப்பல் மேல இருந்து பார்க்கும்போது கரையை அலைச்சாரல் மூடியிருந்துது. கவடு தெரிஞ்சுது. அதுதான்னு நெனச்சுட்டேன்." அடிக்கட்டையைக் காலால் தொட்டார். "'அது இல்ல, ஐயா'ன்னு டக்கர் சொன்னான். நான்தான் என் கோட்டுல போன்னேன்" என்றார்.

அன்று மாலை, கப்பலுக்கு வழி பார்க்கும் அதிகாரியான மாஸ்டர் கரைக்கு வந்தார். லீச் என்று பெயர். கப்பல் உடைந்துபோனாலும் தீவுக்குள் எந்தப் படகு எப்போது வர வேண்டும், எந்த வழியாக வர வேண்டும் என்பதெல்லாம் இன்னும் அவர் பொறுப்பு. ஒரு காது கேட்காது. கேட்க வேண்டாம் என்றால் இரண்டும் கேட்காது. உடைந்த துடுப்பைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"சுக்கான் யாரு?"

"நான்தான், ஐயா" என்றான் டக்கர்.

"உத்தரவு யாரு?"

"நான்" என்றார் பென்ரோஸ்.

"ம்" என்றார் லீச்.

டன்னிங்கும் வந்துவிட்டார். ஒல்லியான மனிதர். கோட்டின் எல்லாப் பொத்தானும் போட்டிருப்பார். கையில் கிழிந்த மேசைவிரிப்பு. ஆமோஸ் ரம்பக் குழியிலிருந்து தூள் படிந்த காலோடு வந்து டார்கஸுக்குப் பின்னால் நின்றான்.

"இதப் பாருங்க, மிஸ்டர் லீச்" என்றார் டன்னிங். "என் அம்மா எனக்குக் கொடுத்து அனுப்பினது. கைதி ஒருத்தி இதக் கூரையில போட்டுக் கிழிச்சிருக்கா."

"ஆறு பேர் கரையேறினாங்க" என்றார் லீச்.

"அதுக்கு என் மேசைவிரிப்புதானா கெடச்சுது?"

"கிழிஞ்ச எடத்துல ரொட்டிக் கூடைய வெச்சுக்குங்க."

டக்கர் இருமினான். டன்னிங் அவனைப் பார்த்தார். அவன் கடலைப் பார்த்தான்.

பென்ரோஸ் சுருளைப் பிரித்து ஒரு பீப்பாயின் மேல் விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்தார். காகிதத்தின் ஓரம் நனைந்து உப்பியிருந்தது. சித்திரம் கெடவில்லை.

"இதுல ரெண்டு பொய் இருக்கு, ஐயா" என்றார். "இல்லாத மரம் ஒண்ணு நிக்குது. இருக்கிற வீடு ஒண்ணு இல்ல. மரம் தெரியாமப் பண்ண தப்பு. வீடு தெரிஞ்சு பண்ணது."

"நான்தான் சொன்னேன்" என்றார் டன்னிங். "அது நாளைக்கு இருக்காது."

"நீங்க சொன்னீங்க. நான் கேட்டிருக்கக் கூடாது."

லீச் குனிந்து பார்த்தார். மூக்கு காகிதத்தில் படும் அளவுக்குக் குனிந்தார். புள்ளிக்கோட்டின் மேல் விரலை வைத்து இடைவெளியிலிருந்து கரைவரை நகர்த்தினார். விரல் மரத்தில் போய் நின்றது. நிமிர்ந்து, சித்திரத்தை விட்டுவிட்டு ஊரைப் பார்த்தார். அடிக்கட்டை. அதற்கு நேர் பின்னால் டார்கஸின் வீட்டு முகப்பு. அதற்கு மேலே மலையில் கரும்பாறை.

"வேற அடையாளம் உண்டா இந்த வழிக்கு?" என்று டக்கரைக் கேட்டார்.

"கொடிக்கம்பத்த வெச்சு வந்தா பாறையில ஏறுவோம். பண்டகசாலைய வெச்சு வந்தாலும் பாறைதான். இந்த வீட்டுத் துணிய வெச்சுத்தான் இத்தன மாசமா வந்துக்கிட்டிருக்கோம், ஐயா. யாரும் கேக்கல, நாங்க சொல்லல."

"ம்."

டார்கஸ் ஓலை கிழித்த கையைப் பாவாடையில் துடைத்தாள். இந்த ஆள்களில் ஒருவர்கூட அவள் பக்கம் பார்க்கவில்லை. அவள் வீட்டைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அதுவே நல்லது என்று நினைத்தாள். தன்னைப் பார்த்து யாரும் இதுவரை எதையும் கொடுத்ததில்லை.

"இந்த வீடு நிக்கும்" என்றார் லீச்.

"தெரு?" என்றார் டன்னிங்.

"வளையட்டும்."

"மிஸ்டர் லீச், நேர்கோட்டுல முப்பத்திரண்டு மனை அளந்து முளை அடிச்சிருக்கேன்."

"முளையப் புடுங்கிடலாம். பாறையப் புடுங்க முடியுமா?" லீச் துடுப்பை டக்கரிடம் நீட்டினார். "மரம் இருந்த காலத்துல வெட்டறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா, இந்தப் பேச்சே இல்ல. முகப்புக்குச் சுண்ணாம்பு அடிக்கணும். சுண்ணாம்பு உங்க சூளையிலதானே இருக்கு?"

டன்னிங் கோட்டுப் பொத்தானைத் தொட்டார். அவருக்கு ரேகைகளும் நேர்கோடும் பிடிக்கும். ஆனால் கணக்கைப் புரிந்துகொள்ளத் தெரியாதவர் அல்ல. சித்திரத்தின் அருகே வந்து புள்ளிக்கோட்டைத் தானும் ஒருமுறை விரலால் தொடர்ந்தார். பிறகு கரையை அளவெடுப்பதுபோல் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார்.

"முகப்ப மாத்தக் கூடாது" என்றார் கடைசியில். தோற்றதற்கு ஒரு விதியாவது போட வேண்டும் என்பதுபோல் சொன்னார். "உயரம், அகலம், ஒரு அடி மாறக் கூடாது. முன்னாடி பந்தல் கூடாது, மரம் நடக் கூடாது. வருஷா வருஷம் வெள்ளையடிக்கணும்."

"முன்னாடி ஒரு சாய்ப்பு எறக்கலாம்னு பலகை எடுத்து வெச்சிருந்தேன், ஐயா" என்றான் ஆமோஸ்.

டார்கஸ் குதிகாலால் அவனை உதைத்தாள்.

"பின்னாடி எறக்கிக்கறேன்" என்றான் ஆமோஸ்.

மறுநாள் பென்ரோஸ் அவர்கள் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்தார். வேறு காகிதம் இல்லை. பேனாக் கத்தியால் மரத்தைச் சுரண்டினார், நுனியிலிருந்து அடிவரை. காகிதம் அந்த இடத்தில் மெலிந்து மயிர்போல் சிலிர்த்தது. ஒரு கூழாங்கல்லால் தேய்த்து வழவழப்பாக்கினார். பிறகு மூன்று முறை படகுத்துறைக்கும் வீட்டுக்கும் நடந்து, ஒரு முறை உடைந்த கப்பலுக்கும் போய் வந்தார். சாயங்காலம் வீடு அங்கே இருந்தது. ஒரு நெல்மணி அளவு. கதவு ஒரு புள்ளி.

ஒவ்வொரு கட்டடத்துக்கும் மேலே ஓர் எழுத்துப் போட்டு, கீழே அட்டவணையில் அது என்னவென்று எழுதுவது வழக்கம். 'கே' மிச்சம் இருந்தது.

"உன் பேரப் போடலாம்னு பார்த்தேன்" என்றார். "டன்னிங் ஒத்துக்கல. கடற்படைத் தலைமைக்குப் போற காகிதத்துல கைதி பேரு வரக் கூடாதாம். 'வெள்ளை முகப்பு'ன்னு போட்டிருக்கேன்."

"என் பேரு லண்டன்ல ஏற்கெனவே ஒரு காகிதத்துல இருக்கு, ஐயா" என்றாள் டார்கஸ். "அது ஒண்ணு போதும்."

சனிக்கிழமை ஆமோஸ் சுண்ணாம்பு அடித்தான். டன்னிங்கின் சூளையிலிருந்து மூன்று வாளி வந்தது, கூடவே அவரும் வந்தார். பலகைச் சந்துகளில் சுண்ணாம்பு இறங்கவில்லை என்று குறை சொன்னார். குறை நியாயமானது. ஆமோஸ் திரும்ப அடித்தான். திங்கட்கிழமை டார்கஸ் அந்த மேசைவிரிப்பைத் தைத்துக் கொடுத்தாள். தையல் தெரியாத அளவுக்குத் தைத்திருந்தாள். டன்னிங் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார்.

சுண்ணாம்பு காய்ந்த பிறகு, கடலிலிருந்து எப்படித் தெரிகிறது என்று யாராவது போய்ப் பார்க்க வேண்டியிருந்தது.

"நீயே வந்து பாரேன்" என்றான் டக்கர். "வீட்டுக்காரி சொன்னா யாரும் மறு பேச்சுப் பேச மாட்டாங்க."

அவள் இந்தத் தீவுக்கு வந்து இறங்கியபின் படகில் ஏறியதில்லை. ஏற வேண்டும் என்று நினைத்ததும் இல்லை. அன்று கடல் தட்டையாகக் கிடந்தது. நடுப்பலகையில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். படகு இடைவெளியைத் தாண்டி வெளியே வரும்வரை தன் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பத் திரும்பிப் பாரு" என்றான் டக்கர்.

பார்த்தாள். ஊர் அவ்வளவுதான் இருந்தது. ஒரு கையால் மூடிவிடலாம். பண்டகசாலை, கொடிக்கம்பம், புகை. பின்னால் எல்லாம் பைன் மரம், கறுப்பாக, மலைவரைக்கும். மேற்குக் கோடியில் ஒரு வெள்ளைச் சதுரம். அதற்குமேல், சொன்னது போலவே, பாறை.

கரையில் ஆமோஸ் கூரைமேல் ஏறி நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தான். எறும்பளவு.

"எப்படி?" என்றான் டக்கர்.

அவள் நெற்றியில் கை வைத்து நிதானமாகப் பார்த்தாள். ஓரிடத்தை இன்னும் கூர்ந்து பார்த்தாள்.

"எடது மேல மூலையில அடிக்காம விட்டிருக்கான்" என்றாள். "திருப்பு. போய்ச் சொல்லணும்."